தேராஃப்டர் அண்ணன்

சுங்கைப் பட்டாணியில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் மட்டும் போதாது, தேராஃப்டர் அண்ணனும் ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போடுவது மூச்சு நின்றதற்கு. எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப் குழுவில் மரண அறிவிப்பு வந்து, அதில் 'அதன் பிறகு' என்று பொருள்படும் 'தேராஃப்டர்' என்ற ஆங்கிலச் சொல் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணன் ஒரு வார்த்தை போட்ட பிறகுதான், ஆள் உண்மையிலேயே போய்விட்டார் என்று நம்பி நாங்கள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடுவோம்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்க வேண்டும். அடையாள அட்டையில் கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்து வேலை எல்லாம் பார்ப்பவராக, இருந்தவர். தோட்டம் கைமாறி, மரங்களைத் தள்ளி, அங்கே வீடுகள் எழும்பத் தொடங்கியதும் எங்கள் தாமானில் ஓர் ஒற்றை மாடி வீட்டுக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் சிவப்புப் பேனா. பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று. அதன் முன்கூடையில் ஓர் ஆங்கில அகராதி. அட்டை பிய்ந்துபோனதால் சைக்கிள் டியூப்பை வெட்டி அதற்கு ஒரு வார் போட்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி பாக்கியம் அக்காவும் அந்த அகராதியும்தான் குடும்பம். மூன்று பேரும் அந்த மோட்டாரில்தான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவார்கள்.

தாமானில் யார் இறந்தாலும் அறிவிப்பை எழுதித் தருவது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. தமிழிலும் மலாயிலும் எழுதுவார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் முகம் மாறும். நல்லுடல் பகல் இரண்டு மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும், தேராஃப்டர் மின்சுடலையில் தகனம். இதுவரை எல்லா அறிவிப்பிலும் இருப்பதுதான். அண்ணன் இதோடு நிறுத்தமாட்டார். இரண்டாவதாக ஒரு தேராஃப்டர் வரும். தேராஃப்டர், பதினாறாம் நாள் வரை, தினமும் மாலை ஐந்து மணிக்கு இல்லத்தில். அந்த இரண்டாவதைச் சேர்க்க வைக்கத்தான் அவர் பாதி ஆயுளைச் செலவழித்தார்.

மீதி ஆயுளைத் தின்றவன் குணா. தாமான் முனையில் போஸ்டர் கடை வைத்திருப்பவன். இறந்தவரின் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, போனுக்கு ஏற்ற மாதிரி அறிவிப்பு செய்து தருவான். ஒரு நாள் அவன் கடையில் இருவரும் சண்டை போடும்போது நானும் இருந்தேன்.

"அங்கள், எடம் இல்லலா! மேல போட்டோ, சைடுல வெளக்கு, கீழ பேரப்புள்ளைங்க மட்டும் பதினேழு பேரு. ரெண்டு தேராஃப்டர நான் எங்க வைக்கிறது?"

"ஒரு வெளக்க எடு."

"வெளக்க எடுத்தா வீட்டுல சண்டைக்கு வருவாங்க."

"அப்ப பேரன்ல ஒருத்தன எடு. அந்த ஆஸ்திரேலியாக்காரன் எப்படியும் வரமாட்டான்."

குணா விளக்கைச் சின்னதாக்கினான். அந்தப் போஸ்டரில் விளக்குகள் இரண்டும் தீக்குச்சி அளவுக்கு இருந்தன. தேராஃப்டர் மட்டும் தடித்த எழுத்தில் நின்றது.

ஒருமுறை மின்சுடலையில் வரிசையாக நின்றிருந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் கேட்டுவிட்டேன். "ஏண்ணே, 'லேட்டர்'னு போட்டா ஆகாதா? எல்லாருக்கும் புரியுமே?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், பெட்டிக்குள் இருந்தவருக்குப் பதிலாக என்னையே அனுப்பிவிடுவாரோ என்று தோன்றியது.

"லேட்டர்னா எப்ப தங்கச்சி? சாயந்திரமா, தீவாளிக்கா? சப்சிக்வென்ட்லின்னு ஒண்ணு இருக்கு. அது லத்தீன்காரன் வீட்டுலேருந்து வந்தது. பின்னாடியே தொடர்ந்து வர்றதுன்னு அர்த்தம். நல்ல வார்த்தைதான், கோட்டு போட்டுக்கிட்டு வரும். சாவு வீட்டுக்கு எதுக்குக் கோட்டு? தேராஃப்டர் வெள்ளக்காரனோட சொந்த வார்த்த. ஆயிரம் வருஷத்துக்கு மேல அவன் வீட்டுலயே கெடக்குது. தேர்னா அங்க. ஆஃப்டர் யாருன்னு நெனைக்கிறீங்க? ஆஃப்ங்கிற வார்த்தையோட ஒறவுக்காரன். ஆஃப்னா தள்ளி. ஆஃப்டர்னா ஆதியில 'இன்னும் தள்ளி'ன்னுதான் அர்த்தம். அங்கேருந்து, இன்னும் தள்ளி."

"அப்ப 'தென்'?"

"தென் ஒரு எட்டு வைக்கும், நின்னுரும். தேராஃப்டர் நிக்காது. எங்க நிக்கணும்னு நாமதான் சொல்லணும். அதுக்குத்தான் பதினாறாம் நாள் வரைக்கும்னு போடறேன். போடலைன்னா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் வார்த்தையக் குடுத்தவன் அவன் சாகுற வரைக்கும் நடக்கணும்."

பின்னால் நின்றவர் மெதுவாக, "அண்ணே, பெட்டிய உள்ள தள்ளப் போறாங்க" என்றார். அண்ணன் அகராதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினார். நாங்களும் கூப்பினோம்.

இந்தச் சொல்லை அவர் நல்ல காரியத்துக்கும் விடவில்லை. சரோஜா அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு ஆங்கிலத்தில் அழைப்பிதழ் எழுதித் தரச் சொன்னார். அண்ணன் எழுதினார். முகூர்த்தம் ஒன்பது மணி, தேராஃப்டர் விருந்து. அழைப்பிதழ் குழுவில் போனதும் ஊர் முழுக்கப் பழக்கதோஷத்தில் சரோஜா அக்காவுக்கு போன் போட்டு, "எப்ப ஆச்சு? நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தாங்க?" என்று கேட்டது. அவர் தெருவில் நின்று கத்தினார். "ஏண்ணே, ஒங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா? எம்மவளக் கட்டிக் குடுக்கறேனா, எரிக்கக் குடுக்கறேனா?" அண்ணன் அமைதியாக, கல்யாணத்துக்கும் அப்புறம்தானே முக்கியம் என்றார். சரோஜா அக்கா இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

தூரத்தில் பாலிங் என்ற ஊரில் ஒரு மரணம். இவருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. யாரோ அனுப்பிய அறிவிப்பு இவர் போனுக்கு வந்துவிட்டது. அதில் தகனத்தோடு வாசகம் முடிந்திருந்தது. போன் செய்தார், எடுக்கவில்லை. கப்சாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திருத்தம் சொல்லப் போனவர் அந்த வீட்டில் ஆண்கள் குறைவாக இருப்பதைப் பார்த்து, பெட்டிக்குத் தோள் கொடுத்து, சுடலை வரை போய்விட்டு வந்தார். இன்றுவரை அந்தக் குடும்பம் அவரைச் செத்துப்போனவரின் ஆபீஸ் நண்பர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. எழுதியதை அவர் நிறைவேற்றவும் செய்தார்.

எங்களில் வழக்கம் என்ன? சுடலையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, 'வர்றேன்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொல்வதாகிவிடும். அதனால் நாம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திருடர்கள் போலப் போய்விடுகிறோம். பிறகு பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குத்தான் எட்டிப் பார்ப்போம். நடுவில் அந்த வீடு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

தேராஃப்டர் அண்ணன் சரியாக மாலை ஐந்துக்கு மேரி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நிற்பார். நாற்காலி கொடுத்தால் உட்காருவார். "சாப்டீங்களா?" என்பார். பத்து நிமிஷம் கழித்து, "மழ வர்ற மாதிரி இருக்கு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அரை மணி ஆனதும் எழுந்து, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நாளைக்கு வர்றேன்" என்பார். பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சில வீடுகளில் ஐந்து மணிக்கு டிவியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அண்ணன் வெளியே மோட்டார் மேலேயே அரை மணி உட்கார்ந்துவிட்டு, பிஸ்கட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். தாமான் நாய்கள் அந்தக் காலத்தில்தான் கொழுத்தன.

நானும் சிரித்தவள்தான். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. வருகிற ஆட்களிடம் அவரைப் போலப் பேசிக் காட்டுவேன். 'மழ வர்ற மாதிரி இருக்கு' எனக்கு நன்றாக வரும்.

பிறகு என் வீட்டுக்காரர் இறந்தார். காலையில் வேலைக்குப் போனவர், பகலில் போன் வந்தது. மூன்றாம் நாள் வீடு காலியானது. மகன் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டியிருந்தது, நான்தான் போகச் சொன்னேன். சாயங்காலம் அவர் மோட்டார் சத்தம் கேட்கிற நேரம் வரும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, கேட்கப் போவதில்லை என்று தெரிந்தே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் சரியாக ஒரு மோட்டார் வந்து நிற்கும். கப்சாய். அண்ணன் வந்து நாற்காலியில் உட்காருவார். சாப்டீங்களா என்பார். அந்த ஒரு கேள்விக்கு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு நான் பகலில் சோறு வடிக்க ஆரம்பித்தேன். பதினாறு நாளும் வந்தார். பிறகு நான் கிளினிக்கில் யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை.

ஒரு நாள் பாக்கியம் அக்காவும் கூட வந்திருந்தார். அண்ணன் வெளியே மோட்டாரில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தபோது, இந்தப் பழக்கம் அவருக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அக்கா சிரித்தார்.

"எல்லாம் என்னாலதான். நான் அப்ப தோட்டத்துல மரம் சீவிக்கிட்டிருந்தேன். அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க, ஒண்டியா இருந்தேன். ஒரு நாள் காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கற எடத்துல எல்லாரையும் நிக்க வச்சாங்க. இவருதான் கிராணி, கையில தொரை குடுத்த சூராட்டுக் கடுதாசி. இங்கிலீஷ்ல படிச்சாரு, அப்புறம் தமிழ்ல சொன்னாரு. இந்த மாசத்தோட வேலை முடியுது, வீட்டக் காலி பண்ணிரணும், தேராஃப்டர் நிர்வாகம் எதுக்கும் பொறுப்பு இல்ல. அதுக்கப்புறம் நாங்க என்னா செய்யிறது கிராணின்னு நான் கேட்டேன். இவரு தாளத் திருப்பிப் பாத்தாரு. பின்னாடி ஒண்ணுமே எழுதல. வெள்ளத் தாளு. அப்படியே நின்னுட்டாரு, பாவம்."

"அப்புறம்?"

"அன்னைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. ஒரு கையில அந்தப் பெரிய புக்கு, ஒரு கையில மேரி பிஸ்கட். அந்த வார்த்தைக்கு அர்த்தம் பாத்துட்டேன்னாரு. என்னா அர்த்தம்னு கேட்டேன். இன்னும் முழுசாப் புரியல, நாளைக்கு வர்றேன்னாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும் வந்தாரு. தோட்டமே பேச ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் கட்டிக்கிட்டாரு. இன்னி வரைக்கும் அர்த்தம் சொல்லல."

அந்தப் பாக்கியம் அக்கா இந்த வருஷம் இறந்துபோனார். கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அறிவிப்பை அண்ணனே எழுதிக் குணாவிடம் கொடுத்தார். குழுவில் வந்ததும் நான் ஒருமுறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். நல்லுடல் பகல் இரண்டு மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும், தேராஃப்டர் மின்சுடலையில் தகனம். அதன் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டாவது வரியே இல்லை.

குணாவுக்கு போன் செய்தேன். அவன் குரலே சரியில்லை. "நான் கேட்டேங்க்கா. அங்கள், அந்த அஞ்சு மணி லைன் மறந்துட்டீங்கன்னு சொன்னேன். 'மறக்கல, வேணாம்'னாரு. பண்டார் பாருவுல ஒரு முதியோர் இல்லத்துல பேரு குடுத்துட்டாராம். காரியம் முடிஞ்சதும் வீட்டப் பூட்டிட்டுப் போயிருவாராம். அந்த டிக்ஷனரிய எங்கிட்டக் குடுத்துட்டாருக்கா. எனக்கு எதுக்குக்கா அது?"

சுடலை வேலைகளில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற மனுஷர் அன்று அழவே இல்லை. எல்லாம் முடிந்ததும் நாங்கள் வழக்கம்போலச் சொல்லாமல் கிளம்பினோம். அவர் தனியாக வீட்டுக்குப் போனார். எனக்கு என்னவோ போல இருந்தது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்தவர் வீட்டில் உட்கார ஆள் இல்லை. பதினாறு நாள் அப்படியே விட்டால் அவர் போய்விடுவார். அங்கே இரண்டு வேளை சாப்பாடு போடுவார்கள், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் குணா கடைக்குப் போனேன்.

"அந்த லைனப் போட்டு இன்னொரு தடவ குரூப்புல அனுப்பு."

"அங்கள் திட்டுவாருக்கா."

"திட்டட்டும்லா. திட்டுறதுக்காச்சும் வாயத் தொறப்பாருல்ல?"

குணா தட்டினான். தேராஃப்டர், தினமும் மாலை ஐந்து மணிக்கு இல்லத்தில். "எத்தன நாளைக்குக்கா? பதினாறுன்னு போடவா?"

"அதெல்லாம் வேணாம். அப்படியே அனுப்பு."

மறுநாள் ஐந்து மணிக்கு ஒரு மேரி பிஸ்கட் பாக்கெட்டோடு அவர் வாசலில் போய் நின்றேன். கதவோரத்தில் ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. அண்ணன் நாற்காலியைக் காட்டினார். எனக்குப் பின்னால் குணா வந்தான், கையில் மேரி பிஸ்கட். பிறகு, ஒரு காலத்தில் டிவியை நிறுத்திவிட்டு ஒளிந்துகொண்ட வீட்டுக்காரர்கள், கையில் மேரி பிஸ்கட். நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வேறு எதைக் கொண்டுபோவது என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கடைசியாகச் சரோஜா அக்கா வந்து, பெரிய பாக்கெட்டாக ஒன்றை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மேசையில் இடம் இல்லாமல் பாக்கெட்டுகளை டிவி மேல் அடுக்கினோம்.

 "சாப்டீங்களா அண்ணே?" என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். குணா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மழ வர்ற மாதிரி இருக்கு அங்கள்" என்றான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் போனை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அறிவிப்பைப் படித்தார். பழக்கத்தில் கை பாக்கெட்டுக்குப் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது.

"தங்கச்சி, எத்தன நாளைக்குன்னு போடலையே."

"தெரியும்ணே."

"போடலைன்னா என்னா அர்த்தம்னு சொல்லியிருக்கேன்."

"ஞாபகம் இருக்குண்ணே."

பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டுப் பாக்கெட்டில் வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்து ஓர் அறிவிப்பை அவர் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான்.

அரை மணி ஆனது. எழுந்தோம். செருப்பை மாட்டினேன். வழக்கம் என் வாயைப் பிடித்துக்கொண்டது. கேட் வரை போய்விட்டேன். திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நாளைக்கு வர்றேண்ணே!" என்றேன்.  பின்னால் சரோஜா அக்கா, "நானும் வர்றேன்" என்றார். குணாவும் சொன்னான். பிறகு ஒவ்வொருவராக, அந்தத் துக்க வீட்டு வாசலில் சொல்லக் கூடாத சொல்லைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அழுதார்.

நான்காவது நாள் கதவோரத்தில் பை இல்லை. அதிலிருந்த முழுக்கைச் சட்டைகள் பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பண்டார் பாருவுக்கு போன் செய்து என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. குணா அகராதியைக் கொண்டுவந்து மோட்டார் கூடையில் வைத்துவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் முடிந்து எத்தனையோ நாளாகிறது. கூட்டம் குறைந்துவிட்டது, நானும் குணாவும் சில நாள் சரோஜா அக்காவும்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி நாலே முக்கால். இன்னும் பிஸ்கட் வாங்கவில்லை. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் அண்ணன் கேட்டுக்கு வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அதைப் பார்க்க என்னால் ஆகாது.